முடியாத ஏழாம் நாள்

ஞாயிறு, இரவு.

தூக்கம் வரவில்லை. மாலையில் எங்கள் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் படைப்பின் ஏழு நாட்களை நான்தான் விளக்கினேன். விவிலியத்தில் முதல் ஆறு நாட்களும் மாலையாகி, காலையாகி முடிந்ததாகச் சொல்லப்பட்டிருக்கிறது, ஆண்டவர் ஓய்வெடுத்த ஏழாம் நாளுக்கு மட்டும் அப்படி இல்லை. ஆகவே ஆண்டவருடைய ஓய்வு இன்னும் முடியவில்லை, நாமெல்லாம் அதற்குள்தான் வாழ்கிறோம் என்றேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

மூலையில் இருந்த செல்வி நிமிர்ந்தாள். கடலுக்குப் போன அவள் புருஷன் வியாழக்கிழமையே திரும்பியிருக்க வேண்டும்.

"அப்போ ஆண்டவர் இன்னும் எந்திக்கலியாக்கா?"

கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஓய்வு என்றால் தூக்கம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவசரமாக ஜெபமாலையைத் தொடங்கிவிட்டேன்.

திரும்பும் வழியில் கரையைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை யாரும் தொழிலுக்குப் போவதில்லை. மணப்பாடு வரை அவனைத் தேடிப் போனவர்களும் வந்துவிட்டார்கள். எல்லாப் படகும் வரிசையாக நின்றன. அவன் படகு நிற்கும் இடத்தில் மட்டும் வெறும் மணல்.

மணி பன்னிரண்டு தாண்டி, திங்கள் பிறந்துவிட்டது. கரையில் தொழிலுக்குக் கிளம்பும் படகுகளின் எஞ்சின் சத்தம் கேட்க ஆரம்பித்திருக்கிறது. எதிர்வீட்டில் செல்வி இன்னும் விளக்கை அணைக்கவில்லை.

எங்கள் ஓய்வு முடிந்துவிட்டது, ஆண்டவரே.