நக்கை மட்டும் நம்பிய முரசு

செவ்வாற்றின் கீழ்க்கரையை ஆள்பவரும், குடிகளின் குறை கேட்காமல் உணவில் கை வைக்காதவருமாகிய மருதங்கரை மன்னர் நெடுந்தேர் ஆதனார் திருமுன், மேல்கரை வெட்சியூர் நாட்டு அரசி இளவெயினி எழுதுவித்த ஓலை. தங்கள் வயல்கள் விளைக. தங்கள் தொட்டில்கள் நிறைக. இக்கரையில் யாவரும் நலம் என்று அடுத்து எழுதுவதே முறை. இம்முறை அதை எழுத அரசிக்கு மனம் வரவில்லை.

எங்கள் முரசறைவோன் அந்துவனின் மனைவி நக்கை, தங்கள் நாட்டு மீனவர் குடியில் பிறந்தவள். எங்கள் நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஆணையையும் முரசறைவோன் முதலில் தன் வீட்டு வாசலில் அறைந்த பிறகே ஊருக்குள் கொண்டுபோக வேண்டும். தன் வீட்டாரிடம் சொல்லக் கூசுவதை ஊராரிடம் சொல்லலாகாது என்று முன்னோர் வைத்த முறை அது.

போர் மூண்ட கோடையில் படைக்கு ஆள் சேரவில்லை. வற்றி நாறிய கிணறுகளைக் காட்டி, கீழ்க்கரையார் நஞ்சிட்டனர் என்று அறையுமாறு அரசியின் தந்தையார் பணித்தார். அந்துவன் தலை கவிழ்ந்து தன் வாசலில் அதை அறைந்தான். கீரை ஆய்ந்துகொண்டிருந்த நக்கை வாய்விட்டுச் சிரித்தாளாம். குழம்புக்கு உப்புப் போடவே மறந்துபோகும் தன் தாய்வீட்டாரா ஊர் ஊராய் நஞ்சு கலக்கப் போகிறார்கள் என்று கேட்டாளாம். இது படைக்கு ஆள் பிடிக்கும் பேச்சு, நம்மை அறிந்த ஊர் நம்மை ஒன்றும் செய்யாது என்று தேற்றிவிட்டுப் போனான் அவன். பாவம், அப்படித்தான் அவனும் நம்பியிருந்தான்.

படை சேர்ந்தது. கூடவே, கிணற்றடியில் நக்கை குடம் வைத்த இடத்தைக் கழுவிவிட்டு நீர் எடுக்கும் வழக்கமும் வந்தது. அந்துவன் வெளியூர் போயிருந்த நாளில் ஊர் கூடி அவளை ஆற்றில் இறக்கிவிட்டது. முதல் கல்லை எடுத்தவள், யாருடைய பிள்ளைக்கு நக்கை தன் பால் கொடுத்தாளோ அந்தத் தாய். அவள் நீந்திக் கீழ்க்கரை சேர்ந்தபோதோ, மேல்கரையில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் வேவுகாரிகள் என்று தங்கள் முரசு முன்னமே அறைந்திருந்தது. பெற்ற தாயும் ஊருக்கு அஞ்சிக் கதவடைத்தாள்.

நடுவாற்று மணல்திட்டில் குடிசை போட்டுக்கொண்டாள் நக்கை. அந்துவன் படகில் சோறு கொண்டுபோய், தானும் அங்கேயே இருந்துவிடுவதாக அழுதான். உன் முரசு போட்ட பழியை உன் முரசுதான் எடுக்க வேண்டும், அதுவரை பணியை விடாதே என்று அவள் திருப்பி அனுப்பினாள்.

தந்தையார் மறைந்தார், போர் ஓய்ந்தது. நஞ்சுப் பேச்சு பொய் என்று அறையுமாறு அரசி தன் முதல் ஆணையை இட்டாள். அந்துவன் ஆளில்லாத தன் வாசலில் அதை அறைந்துவிட்டு, ஓட்டமாய் ஆற்றங்கரைக்கு வந்து அறைந்தான். ஊரார் ஏற்கவில்லை. பெண்டாட்டிக்காகப் புளுகுகிறான் என்றனர் சிலர். புது அரசியைக் கீழ்க்கரையார் விலைக்கு வாங்கிவிட்டனர் என்றனர் வேறு சிலர். அன்று பொய்க்கு ஒருவரும் சான்று கேட்கவில்லையே என்று எண்ணும்போது அரசிக்கு நெஞ்சு வேகிறது.

திட்டிலிருந்த நக்கைக்கும் அது கேட்டது. அவள் ஒருத்தியே அதை நம்பினாள். புதுவெள்ளம் ஏறிக்கொண்டிருந்தும், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கிவிட்டாள். கரையில் நின்றவர்கள் கழிகளை நீட்டினார்கள். ஏற்றிவிடத்தான் நீட்டுகிறார்கள் என்று அவள் கையைக் கொடுத்தாள், அவர்கள் தள்ளிவிட்டார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்துவன் வருவதற்குள் ஆறு அவளைக் கொண்டுபோய்விட்டது.

அவள் உடல் தங்கள் துறையில் ஒதுங்கியதாக அறிகிறோம். இவ்வோலை கொண்டு வருபவன் அந்துவனே. முரசை அரசியின் காலடியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வருகிறான். தங்கள் காவலர் அவனைத் தடுக்காமல், அவள் உடலை அவனிடம் ஒப்படைக்க வேண்டுகிறோம். தங்கள் முரசும் தான் இட்ட பழியை எடுக்குமாயின், அதை நக்கையின் தாய்வீட்டு வாசலில் முதலில் அறையச் செய்க.

எங்கள் துறைக்காவலர்க்கு அரசி இட்ட ஆணையையும் தாங்கள் அறிக: திரும்பி வரும் படகிலிருந்து அவள் உடலை, அன்று கழி நீட்டியவர்களே தோளில் சுமந்து வரச் செய்க, ஊர்க்கிணற்றில் நீர் இறைத்து அவளை நீராட்டச் செய்க. அரசி கிணற்றடியில் நிற்பாள்.

இதற்கு நாரை முத்திரை சான்று. நக்கையின் குடம் அகப்பட்டால் அதையும் தந்தனுப்புமாறு அந்துவன் கேட்டுக்கொண்டான். அதையும் எழுதிச் சேர்த்த பிறகே அரசி முத்திரையிட்டாள்.