வெள்ளிக்கிழமை மாத்திரை

அன்னவாசல்,
பெரிய வாரம், செவ்வாய் மாலை.

மாப்பிள்ளை பீட்டர் சாமிக்கு, தோத்திரம்.

இன்று காலை பதினொரு மணிக்குத் திருச்சியில் கண் மருத்துவர் என்னிடம் நேரில் சொன்னது: உங்கள் அக்கா சவேரியம்மாளுக்கு வலக்கண் பார்வை இனித் திரும்பாது. இடக்கண் இன்றைக்கு நன்றாக இருக்கிறது. "இன்றைக்கு" என்பது அவர் சொன்ன வார்த்தை.

போனில் பேசினால் அவள் பக்கத்தில் இருப்பாள். அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். நீங்கள் சாமியாராகப் பணிசெய்யும் வடக்கத்தி மலையில் சிக்னல் கிடைக்கும்போது வந்து சேரட்டும்.

நோய் என்னவென்று இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டேன். தலைக்கும் கண்ணுக்கும் போகும் ரத்தக்குழாய்களின் சுவர் வீங்கி, உள்வழி குறுகிவிடுகிறது. கிருமி காரணமில்லை. நோயை எதிர்க்க வேண்டிய உடம்பின் சக்தியே குழாயைத் தாக்குகிறது. ஐம்பது வயதுக்கு மேல் வருமாம். அவளுக்கு அறுபத்து மூன்று. ரத்தம் போகாத கண் நரம்பு சில மணி நேரத்தில் செத்துவிடும் என்றார்.

அறிகுறிகள் ஒரு மாதமாக இருந்தன. நெற்றிப்பொட்டில் வலி, கண்ணாடியை மாற்றவேண்டும் என்றேன். சீப்புப் பட்டால் தலை எரிந்தது. கொண்டை போடுவதை விட்டாள். தாடை வலித்து மெல்ல முடியாமல் கஞ்சியாகக் குடித்தாள். தவக்காலம் அல்லவா, ஒறுத்தல் செய்கிறாள் என்று நினைத்துவிட்டேன். எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன் நான்.

போன ஞாயிற்றுக்கு முந்தைய ஞாயிறு, பூசையில் இருக்கும்போதே வலக்கண் இருண்டது. அன்றே சேர்த்தோம். மூன்று நாள் ஸ்டீராய்டு மருந்து ஏற்றினார்கள். புதனன்று நெற்றிப்பொட்டில் ஒரு துண்டு ரத்தக்குழாயை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வியாழன் வீட்டுக்கு வந்தோம். தினமும் காலை சாப்பிட்டபின் மாத்திரை, ஒரு நாளும் விடக்கூடாது என்று எழுதியே கொடுத்தார்கள்.

சனிக்கிழமை இடக்கண் பத்து நிமிடம் மங்கியது. அட்டையை எடுத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை மாத்திரை அப்படியே இருந்தது. காலை சாப்பிட்டபின் என்றார்கள், தவக்கால வெள்ளி என்று காலையில் சாப்பிடவில்லை, அதனால் போடவில்லை என்றாள். திரும்பவும் திருச்சிக்கு ஓடினோம். விட்ட மாத்திரைதான் மங்கலுக்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இன்னொரு நாள் விட்டால் தனக்குப் பொறுப்பில்லை என்றார் மருத்துவர். இன்று மதியம்தான் வீடு வந்தோம்.

நோயாளிக்கு நோன்புக் கடமை இல்லை என்று நம் பங்குச்சாமியும் போனில் சொல்லிப் பார்த்தார். அப்போதுதான் உண்மை வந்தது. ஆறு வருடத்துக்கு முன் மலேரியா மூளைக்கு ஏறி நீங்கள் ராஞ்சியில் நினைவில்லாமல் கிடந்தீர்களே, அன்று நேர்ந்துகொண்டாளாம்: தம்பி பிழைத்தால், உயிருள்ளவரை தவக்கால வெள்ளிகளில் பொழுது சாயும்வரை தண்ணீர் தவிர ஒன்றும் தொடுவதில்லை. எனக்கே தெரியாது.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சொன்ன சொல்ல மீறி, அங்கிட்டு அவனுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா? எனக்கு ஒரு கண்ணு போதுங்க."

அந்த ஒரு கண்ணுக்குத்தான் ஆபத்து என்றேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பரிசோதனை முடிவு வியாழன் மாலை ஐந்து மணிக்கு. அது எப்படி வந்தாலும் மாத்திரை தொடரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் பெரிய வெள்ளி. காலை எட்டு மணிக்கு அவள் முன்னால் இட்லித் தட்டை வைப்பேன். அவள் கை நீளுமா என்று அப்போதுதான் தெரியும். என் சொல் போதாது. வியாழன் பாதம் கழுவும் பூசைக்குப் போகும் முன்னாவது, சிக்னல் உள்ள இடத்துக்கு இறங்கி வந்து அவளிடம் பேசுங்கள். சாமியாராகப் பேசுவீர்களோ தம்பியாகப் பேசுவீர்களோ, சாப்பிடச் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கொசுவலை இல்லாமல் படுக்காதீர்கள். லேசான காய்ச்சல் இருந்தாலும், கும்பிட்டுக் கேட்கிறேன், இந்த வாரம் அவளுக்குத் தெரியவேண்டாம்.

உங்கள் மச்சான்,
செபமாலை