இரண்டு கொக்கி போடச் சொன்ன விளக்கு

மச்சாண்டார் அவர்களுக்கு,

நேற்று சூலூரில் ஒரு செல்போன் ரிப்பேர் கடைக்குப் போயிருந்தேன். சார்ஜர் செருகும் இடம் தளர்ந்துபோய், ஒயரைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தால்தான் சார்ஜ் ஏறுகிறது. கடைக்காரர் போனைப் பிரித்து வைத்துக்கொண்டு, சுட்ட கம்பியின் முனையைச் சின்ன டப்பாவில் இருந்த பசையில் தொட்டு எடுத்தார். மெல்லிய புகை எழுந்தது. பிசின் கருகுவது போன்ற அந்த வாசனை.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கண்ணு எரியும்" என்றார்.

நான் தள்ளி நிற்கவில்லை. ஈயம் பற்றவைக்கிற அந்தப் புகையோடு மூன்று நான்கு வருஷம் நம் வீட்டில் புழங்கியவள் நான். பக்கத்தில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டேன். வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

உங்களுக்கு எழுதுவது விசித்திரம்தான். கல்யாணமாகி வந்து பதினோரு வருஷம் உங்களோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவள் நான். வந்த அன்றைக்கே அத்தை சொல்லிவிட்டார்: "பெரியவன் வந்தான்னா உள்ள போயிரு அம்மணி. நம்மூட்டு வழக்கம் அது." கணவரின் அண்ணன் முன்னால் நிற்கக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது. என் அம்மா வீட்டிலும் அதே வழக்கம் இருந்ததால் எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. நீங்கள் கல்யாணமான மூன்றாம் வருஷமே மனைவியைப் பறிகொடுத்துவிட்டு, வீட்டோடு சேர்ந்த நம் விசைத்தறிக் குடோனை ஒட்டிய ஒற்றை அறையில் இருந்தீர்கள். தறிகளின் மோட்டார், ஒயரிங், ரிப்பேர் எல்லாம் உங்கள் பொறுப்பு. சாப்பாடு எங்களோடு. தட்டை வைத்துவிட்டு நான் அடுப்படிக்குள் போய்விடுவேன்.

"ரசத்துல உப்புக் கம்மிங்கம்மா" என்பீர்கள். அது எனக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, "உப்புக் கம்மியாமா" என்பார். நான் உப்பு ஜாடியை அவர் கையில் கொடுப்பேன். இத்தனைக்கும் நடுவே இருந்தது ஒரு கதவுதான்.

பெங்களூருக்குக் குடிபோன என் தங்கை தன் மீன் தொட்டியை என்னிடம் விட்டுப்போனாள். இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி. தறி ஓடுகிற வீட்டில் பேச்சு எப்போதும் பாதிதான் கேட்கும். ரேடியோ போட்டால் அதுவும் பாதி. சத்தமே தேவைப்படாத ஒன்று வீட்டுக்குள் வந்தது எனக்குப் பிடித்திருந்தது. உக்கடம் போய் ஒரு டஜன் கப்பி மீன் வாங்கி வந்தேன். குளத்திலிருந்து வேலம்பாசி பறித்துவந்து மணலில் நட்டேன். மீன் பிழைத்தது, பாசி பிழைக்கவில்லை. ஜன்னல் இல்லாத நடு அறை. பத்து நாளில் பாசி மஞ்சளாகி, அடியில் இருந்து அழுக ஆரம்பித்தது. மறுபடி நட்டேன், மறுபடி அழுகியது. இதைத் தினமும் உங்கள் தம்பியிடம் சொல்லிப் புலம்பினேன். அவர், "பாசிக்கா இந்தப் பாடு" என்று சிரித்தார். புலம்பலைக் கேட்டுக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தது எனக்கு அப்போது நினைவில்லை.

கரண்டு இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகமாக இருந்த வருஷங்கள் அவை. மின்சாரம் வந்து வந்து போனதில் குடோனில் சிஎஃப்எல் பல்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒருநாள் அவற்றை ஒரு சாக்கில் அள்ளி வாசலில் வைத்திருந்தேன். உங்கள் தம்பி வந்து சொன்னார்: "அண்ணன் அதை எறிய வேண்டாங்குது. சுத்திச் சுத்தி இருக்கிற குழாய்தான் போயிருக்குமாம். அடியில இருக்கிற சோக்கு உசுரோட இருக்குமாம்."

தறி ஓடாத நேரங்களில் நீங்கள் அந்தப் பல்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தீர்கள். கண்ணாடி உடையாமல், அடியில் இருக்கும் வெள்ளைக் கூட்டை நெம்பி, உள்ளே இரண்டு விரல் அகலம் இருந்த வட்டத் தகட்டை, அந்தச் சோக்கை, எடுத்தீர்கள். குழாய்க்குப் போகும் நான்கு ஒயர்களைப் பிரித்து, நல்ல டியூப்லைட் ஒன்றின் இரண்டு முனைகளிலும் இரண்டிரண்டாகக் கொடுத்துப் பார்ப்பீர்கள். பத்தில் ஆறோ ஏழோ உடனே எரியும். நான் சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். குப்பைக்குப் போக இருந்த சாக்கிலிருந்து ஒவ்வொரு முறை வெளிச்சம் வரும்போதும் எனக்கு வேலை ஓடாது.

அதில் நல்லதாக ஒன்றை எடுத்து, தொட்டியின் நீளத்துக்குச் சரியாக ஒரு விளக்குச் செய்தீர்கள். இரண்டடி டியூப், அதன் மேல் எண்ணெய் டின்னை வெட்டி வளைத்த மூடி, சோக்கை வைக்க ஒரு சோப்பு டப்பா. எங்கள் நடு அறைக்குள் வந்து மாட்ட உங்களுக்கு வழக்கம் இடம் தரவில்லை. எப்படி மாட்ட வேண்டும் என்று குடோனில் வைத்துத் தம்பியிடம் சொல்லி அனுப்பினீர்கள். அவர் வந்து மாட்டினார். அன்று மாலை தொட்டிக்குள் முதல் தடவையாக மணலின் நிறம் தெரிந்தது. கப்பிகளின் வாலில் அத்தனை நீலம் இருக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன். உங்களிடம் நன்றி சொல்ல வேண்டும் என்று தவித்தது. அத்தையிடம் சொல்லி அனுப்பினேன். அத்தை என்ன சொன்னாரோ தெரியாது.

மூன்றாம் வாரம் அது நடந்தது. மத்தியானம். நீங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தீர்கள். குடோனில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நடு அறைக்கு வந்து பார்த்தால், விளக்கு ஒரு பக்கம் சரிந்து டியூபின் முனை தண்ணீருக்குள் இருந்தது. இன்னொரு முனை மினுங்கி மினுங்கி எரிந்தது. இரண்டு கப்பிகள் மல்லாந்து மிதந்தன. மீன்களைத் தவிர எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு விளக்கைத் தூக்கப் போனேன்.

"அம்மணி, கையெடு!"

தறிச் சத்தத்தைத் தாண்டி வந்த குரல். யாருடையது என்றே எனக்குத் தெரியவில்லை. உங்கள் குரலை அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை, எனக்கென்று ஒருபோதும் கேட்டதில்லை. கை அந்தரத்தில் நின்றது. திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்துவிட்ட நீங்கள் சோற்றுக் கையோடு ஓடி வந்து இடது கையால் பிளக்கை உருவினீர்கள். தொட்டி இருண்டது. நீங்களும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். என் கை ஈரமாக இருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சாயங்காலம் பாவு நூல் எடுத்துக்கொண்டு பல்லடத்திலிருந்து உங்கள் தம்பி வந்தார். வாசலிலேயே நிறுத்திக் கேட்டீர்கள்.

"விளக்குக்கு எத்தனை கொக்கி போட்ட?"

"ஒண்ணுதானுங்கண்ணா. நீங்க ஒண்ணுன்னுதான சொன்னீங்க?"

"ரெண்டு சொன்னேன்டா."

"தறிச் சத்தத்துல ஒண்ணுன்னுதாங்கண்ணா கேட்டுச்சு."

நீங்கள் அவரைத் திட்டவில்லை. "நான் ரெண்டு சொல்லி அனுப்புனேன். ஒண்ணுதான் ஊடு வந்து சேர்ந்திருக்குது" என்றீர்கள். பிறகு அத்தையைப் பார்த்து, "இனிமே கரண்டு விசயத்துல நானே அம்மணிகிட்டச் சொல்லிக்கறனுங்கம்மா" என்றீர்கள்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தை என்ன சொல்லுவாரோ என்று பயந்தேன். அத்தை வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"கரண்டு மட்டும் எதுக்கு, உப்பையும் நீயே கேட்டுக்க. பதினோரு வருசமா நடுவுல நடந்து எம்பட முட்டி தேஞ்சுபோச்சு."

அவ்வளவுதான். எந்த ஊர்க் கூட்டமும் கூடவில்லை. வழக்கம் அன்றோடு முடிந்தது. ஆனால் பேச ஆரம்பிப்பது அத்தனை எளிதாக இல்லை. உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. "ஏனுங்க" என்பது உங்கள் தம்பியை நான் கூப்பிடும் சொல். முதல் ஒரு மாதம் கூப்பிட வேண்டுமென்றால் தொட்டிக் கண்ணாடியை நகத்தால் தட்டுவேன், நீங்கள் திரும்புவீர்கள். ஒருநாள் அவசரத்தில் "மாமா" என்று வந்துவிட்டது. நீங்கள் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லம்மணி" என்றீர்கள். அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை நான்.

இரண்டாவது விளக்கை நாம் சேர்ந்தேதான் செய்தோம். இரண்டு கொக்கிகள், அவை விட்டாலும் தாங்க ஒரு சங்கிலி. டியூபின் முனைகளுக்கு ரப்பர் மூடி. சோக்கைத் தொட்டியின் மேலிருந்து எடுத்துத் தள்ளிச் சுவரில் மாட்டினீர்கள். கரண்டு கசிந்தால் தானே விழுகிற சுவிட்ச் ஒன்றையும் மெயினில் வைத்தீர்கள். அந்தச் சுவிட்ச் இல்லாமல் யாருக்கும் விளக்குச் செய்து தருவதில்லை என்று பிறகு நீங்கள் பிடிவாதமாக இருந்ததும் அதனால்தான். சோப்பு டப்பாவுக்குள் சோக்கு கொதித்து நாற்றம் அடித்தது. நீங்கள் பெரிய டப்பா தேடிக்கொண்டிருந்தீர்கள். நான், "இட்லித் தட்டுல மாதிரி அடியில ஓட்டை போட்டா ஆவி போகாதுங்களா?" என்றேன். நீங்கள் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "இது எனக்குத் தோணவே இல்லையே" என்று சொல்லிவிட்டு ஆணியைச் சுடவைக்கப் போனீர்கள். அன்றைக்கு நான் மூன்று தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

பாசி பச்சை பிடித்தது. ஒரு மத்தியானம் தறியெல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது தொட்டியைப் பார்த்த நான் உங்களைக் கையைக் காட்டிக் கூப்பிட்டேன். இலைகளின் மேல் சின்னச் சின்னக் காற்று முத்துக்கள். ஒவ்வொன்றாகக் கழன்று மேலே போயின. இலை மூச்சு விட்டது. நீங்கள் வேட்டியை மடித்துக்கட்டிக் குந்தி உட்கார்ந்து, கண்ணாடியில் மூக்குப் படும்படி பார்த்தீர்கள். ஏதோ சொன்னீர்கள், சத்தத்தில் கேட்கவில்லை. என்னவென்று நான் கேட்கவும் இல்லை. உங்கள் முகத்தில் இருந்ததே போதுமாயிருந்தது. அந்த மாதிரி ஒரு சிரிப்பை அதற்கு முன் உங்களிடம் யாரும் பார்த்ததில்லை என்று அத்தை பிறகு சொன்னார்.

அப்புறம் ஊரெல்லாம் நம் விளக்கு. பேக்கரிக்காரர் கேட்டார், பல் டாக்டர் கேட்டார், உக்கடத்து மீன் கடை பாய் நான்கு கேட்டார். "நம்ம பழைய சாக்குக்கு இத்தனை கிராக்கிங்களா" என்று நான் சிரிப்பேன். ஈயம் பற்றவைப்பது நீங்கள், ஒயர் சீவுவதும் ஓட்டை போடுவதும் நான், ஒவ்வொன்றையும் கரண்டு இருக்கும் நேரமெல்லாம் எரியவிட்டுச் சோதிப்பது நான். பாசிக்கு எத்தனை மணி நேரம் வெளிச்சம் வேண்டும் என்று வாங்குகிறவர்களுக்குச் சொல்வதும் நான்தான். அதில் நீங்கள் தலையிட மாட்டீர்கள். "அதை அம்மணிகிட்டக் கேளுங்க" என்று விலகிக்கொள்வீர்கள்.

எல்இடி வந்தபோது நான்தான் வருத்தப்பட்டேன். நீங்கள் படவில்லை. கடையில் வாங்கிய எல்இடி பட்டையை நீங்களே கொண்டுவந்து நம் தொட்டியில் மாட்டினீர்கள். "சூடு இல்லை, கரண்டு கம்மி. மீனுக்கு வெளிச்சம் வந்தாப் போதும், அது நம்மளதா இருக்கோணுமா?" என்றீர்கள். சரிதான் என்று எனக்கும் பட்டது. பாசி அதிலும் நன்றாகத்தான் வளர்ந்தது.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் உங்களைச் சேர்த்தபோது, நெஞ்சில் நீர் கோத்திருந்தது. பகலில் நான்தான் கூட இருந்தேன். ஒரு புதிய நர்ஸ் மாத்திரை கொடுக்க வந்து, "இவங்க உங்களுக்கு என்ன வேணும் ஐயா?" என்று கேட்டாள். தம்பி மனைவி என்று சொல்லப்போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு, "பார்ட்னருங்க" என்றீர்கள். அவள் என்னைப் பார்த்தாள். "லைட்டு வேலைல" என்று சேர்த்துச் சொன்னீர்கள். அவள் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போனாள். நாம் இரண்டு பேரும் சிரித்ததில் உங்களுக்கு இருமல் வந்து, நான் பயந்துபோனேன். நான்கு நாள் கழித்து, ஒரு காலையில், வலியில்லாமல் போய்விட்டீர்கள்.

அழுதேன். ஆனால் உங்களை நினைத்தால் இப்போது அழுகை வருவதில்லை. நாம் பேசாமல் போன பதினோரு வருஷத்தை நினைத்து முன்பெல்லாம் வருந்துவேன். பேசிய வருஷங்கள் நல்ல வருஷங்கள். அது கிடைத்ததே என்று இருக்கிறது.

போன மாதம் உங்கள் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் பல்லடம் போயிருந்தோம். மறுநாள் நூறு பேருக்குப் பலகாரம். மாவு ஆட்டப் போட்ட கிரைண்டர் உறுமிக்கொண்டு நின்றது, கல் சுற்றவில்லை. எலக்ட்ரீசியனைத் தேடி ஆள் போயிற்று. நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கல்லைக் கையால் சுற்றிப் பார்த்தேன். லேசாகத்தான் சுற்றியது. உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் எது போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அடித்தகட்டைக் கழற்றி, உள்ளே தேங்கியிருக்கும் கரண்டைக் குண்டு பல்பு ஒயரில் தொட்டு இறக்கிவிட்டு, வீங்கிப்போயிருந்த கெப்பாசிட்டரை எடுத்தேன். அதே அளவில் ஒன்று வாங்கி வரச் சொல்லி மாட்டினேன். கல் சுற்றியது. அடுப்படியில் இருந்த பெண்கள் எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தூரத்து உறவில் ஒரு பெரியம்மா கேட்டார்: "இதெல்லாம் ஆருகிட்ட அம்மணி கத்துக்கிட்ட?"

"எங்க மச்சாண்டாருகிட்டங்க."

"மச்சாண்டாருகிட்டயா?" அவர் கையிலிருந்த கரண்டி நின்றது. "அவுரு உங்கிட்டப் பேசுவாராக்கும்?"

"பேசுவாருங்க. நானும் பேசுவனுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன். 'பேசினார்' என்று திருத்திச் சொல்லியிருக்கலாம். எனக்குத் திருத்தத் தோன்றவில்லை, மாமா.