யாரென்று கேட்காமல் சோறு போட்டோம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனிலேயே சொல்லலாம், ஆனால் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதுவுமில்லாமல் இதை வாயால் சொன்னால் பாதியில் சிரித்துவிடுவேன், இல்லையென்றால் அழுதுவிடுவேன்.

போன மாதம் நீ அந்தப் பையனைப் பற்றிச் சொன்னதும் அப்பா போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்து, "முகம் தெரியாத மனுஷங்க, அந்தப் பேச்சே இந்த வீட்ல வேண்டாம்" என்றாரே, அதற்கப்புறம் நான் இரண்டு தரம் வாயெடுத்தேன். இரண்டு தரமும் மோட்டார் வைண்டிங் கடைக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டார், அதில் ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமை. சரி, வருஷா வருஷம் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடுகிற நம் விடுமுறைச் சாப்பாடு முடியட்டும், வயிறு நிறைந்த நேரத்தில் கேட்போம் என்று நானும் விட்டுவிட்டேன். இந்தத் தடவை இருபத்தாறு பேர். மேஜை போதாமல் அப்பா சாமான் அறைக் கதவைக் கழற்றி இரண்டு பெஞ்சுமேல் போட்டார். பெரியம்மா பிறந்த வீட்டுக்காரர்கள் ஒரு பக்கம், நம் ஆட்கள் ஒரு பக்கம், வழக்கம்போல் பாதிப் பேருக்குப் பாதிப் பேரைத் தெரியாது. நம் வீட்டுச் சட்டம்தான் உனக்குத் தெரியுமே, சாப்பிட்டுக் கை கழுவுகிற வரைக்கும் யாரையும் நீங்கள் யார் என்று கேட்கக் கூடாது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் உன் பெரியப்பா வாசலில் நின்றுகொண்டு பெரியம்மாவின் அண்ணன் மச்சானைப் பார்த்து "யாரு நீங்க?" என்று கேட்டு, அந்த மனுஷன் வந்த வழியே திரும்பிப் போய், இன்றுவரை பெரியம்மா அதைச் சொல்லிக் காட்டுகிறாள் அல்லவா, அன்று வந்த சட்டம்.

பதினொன்றரை மணிக்கு ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நூல் கட்டிய அட்டைப்பெட்டி. கதவைத் தூக்க ஆள் தேடிக்கொண்டிருந்த அப்பா, பெரியம்மா பக்கத்து ஆள் என்று நினைத்து, "வாங்க வாங்க, வெயில்ல நிக்காதீங்க, இந்த முனையை ஒரு கை பிடிங்க" என்றார். அவரும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்தார். பெரியம்மா நம் பக்கத்து ஆள் என்று நினைத்து அவரிடம் உருளைக்கிழங்கு உரிக்கக் கொடுத்தாள். அவர் மூன்று தரம் "நான் எதுக்கு வந்தேன்னா" என்று ஆரம்பித்ததை நானே கேட்டேன். மூன்று தரமும் யாராவது ஒருவர் "எதுவானாலும் சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்று வாயை அடைத்துவிட்டார்கள். எனக்கென்னவோ அவர்மேலேயே கண். உருளைக்கிழங்குத் தோலை அவ்வளவு மெல்லிசாக உரித்தார். கூடத்தில் மாட்டியிருக்கும் உன் பட்டமளிப்புப் போட்டோவுக்கு முன்னால் தேவைக்கு மேலே நின்றார். பரிமாறக் குனிந்தபோதுதான் அவர் முன்கையைப் பார்த்தேன், கோடு போட்ட நோட்டு மாதிரி குறுக்கே குறுக்கே பழைய சூட்டுத் தழும்புகள். யாரோ நூலை அவிழ்த்து வைத்த அட்டைப்பெட்டிக்குள் வரிசை பிசகாமல் அடுக்கிய பன்கள். பையனின் அப்பா பேக்கரி வைத்திருக்கிறார் என்று நீ சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கே இரண்டாம் தரமும் பரிமாறினேன். நான் கண்டுகொண்டேன் என்று அவரும் கண்டுகொண்டார். "தப்பான நேரத்துல வந்துட்டேன் போலம்மா" என்றார் மெதுவாக. இந்த வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் என்று பெரியப்பா என்னை ஊரெல்லாம் மெச்சுவார், அந்தப் பட்டதாரிக்கு அப்போது வாயில் வந்தது "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா" என்பது மட்டும்தான். இருபத்தாறு பேர் முன்னால் அப்பா அவரை ஏதாவது சொல்லிவிட்டால் நீ இந்த வாசலை மிதிப்பாயா என்றுதான் என் நினைப்பெல்லாம்.

அப்பாவோ அவரை விடுவதாக இல்லை. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, சிரிப்பென்ன, தொடையில் தட்டல் என்ன. கடைசியில் உன் அப்பா, உடன்பிறந்த அண்ணனிடம்கூடச் சொல்லாததை அந்த மனுஷனிடம் கொட்டுகிறார், "எம் பொண்ணு ஒரு பையனைப் பிடிச்சிருக்குங்கறா, யாரு என்னன்னு ஒரு எழவும் தெரியாது, நீங்களே சொல்லுங்க" என்று. அவர் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஒருக்கா போய்ப் பார்த்துட்டு வேண்டாம்னு சொல்லலாமே" என்றார். அப்பா மீசையைத் துடைத்துக்கொண்டு, "நான் ஏன் போகணும், பையனைப் பெத்தவன்ல மொதல்ல வரணும்" என்றார். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "வந்துட்டேங்க" என்றார்.

பெரியம்மாதான் "அப்ப இவரு உங்க பக்கம் இல்லையா?" என்றாள். பெரியப்பா, "நல்லவேளை, இந்தத் தடவை நான் யாருன்னு கேக்கலைப்பா" என்றார். அப்பா எழுந்து போய்க் கை கழுவினார், குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நான் பின்னால் போய் நின்றேன். திரும்பிப் பார்க்காமல் "அவருக்கு இனிப்பு வைக்கலையே நீ" என்றார். பிறகு ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவரைக் கூட்டிப் போனார். பஸ் நிலையம் பத்து நிமிஷம். அப்பா வந்தது இரண்டு மணி நேரம் கழித்து. என்ன பேசினீர்கள் என்று கேட்டால் "சும்மா" என்கிறார். இரண்டு மணி நேரம் என்னடி சும்மா? எனக்குத் தலை வெடிக்கிறது. தான் வருவது மகனுக்கே தெரியாது என்று அந்த மனுஷன் என்னிடம் சொன்னார், நிஜமா? உனக்கும் தெரியாதா? எப்படியாவது அந்தப் பக்கத்திலிருந்து கறந்து எனக்கு எழுது.

நேற்று அப்பா வைண்டிங் கம்பி, ஸ்பேனர் எல்லாம் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் மாவு பிசைகிற மெஷினில் மோட்டார் இரைகிறதாம், போய்ப் பார்க்கப் போகிறாராம். ஏழு மணி நேரப் பயணம், அந்த ஊரில் ஒரு மெக்கானிக்குமா இல்லை என்றேன். சட்டைப் பையில் பார்த்தால் இரண்டு டிக்கெட். மோட்டார் பார்க்க நான் எதற்கு என்றேன். "நீ வராம அந்த வீட்டம்மாகிட்ட நான் என்னத்தைப் பேசறது" என்கிறார், என்னமோ நான் வாயாடி மாதிரி.

வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம். அந்த அம்மா அதிகம் பேசுவார்களா, கம்மியா, அதை மட்டும் உடனே சொல், இரண்டு ஊமைகள் எதிரெதிரே உட்கார்ந்தால் காரியம் கெட்டுவிடும். அப்பாவிடம் உனக்கு எதுவும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, தானே சொல்கிற பெருமையை அவருக்கு விட்டுவிடு. மனசுக்குப் பிடித்ததெல்லாம் கைகூடி நீ நிறைவாக வாழ வேண்டும்.

இப்படிக்கு, பயணப் பையைத் திறந்து வைத்துக்கொண்டு எந்தப் புடவை என்று தெரியாமல் நிற்கும்
உன் அம்மா