பேர் போடாமல் அனுப்பிய செய்தி

பந்தலூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சசிரேகாவுக்கு அப்பா எழுதுவது. நீ படிக்கிற ஊர்க் குளிரில் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும். அம்மாவுக்கு மூட்டு வலி இருக்கிறது, மற்றபடி நடமாடுகிறாள். நான் நலம் என்று எழுத மட்டும் கை வரவில்லை, ஏன் என்று படித்துக்கொண்டே வந்தால் உனக்கே தெரியும். போனில் சொல்லலாம்தான், அம்மா போன் இருக்கிறது. ஆனால் நான் வாயால் சொன்னால் பாதி வழியில் எனக்குச் சாதகமாக ஒரு பொய்யைச் சேர்த்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் தபால்.

சின்னம்மை அக்காளை ஆனை அடித்துப் போட்டதை அன்று சாயங்காலமே அம்மா உனக்குச் சொல்லிவிட்டாள். எப்படி அடித்தது என்று சொல்லியிருக்க மாட்டாள். ஆனைக் காவல் சுற்றி வரும் வழியில் நான் பார்த்தேன். பதினாலாம் நம்பர் தேயிலைக் காட்டில், உண்ணிப்புதருக்குப் பின்னால் அந்தக் கொம்பன் சத்தமில்லாமல் நின்றிருக்கிறது. கொழுந்துச் சாக்கை இறக்கி வைக்கக் குனிந்தவளைத் தும்பிக்கையால் தூக்கி சவுக்கு மரத்தில் அடித்தது, கீழே விழுந்ததும் மிதித்தது, போவதைப் போலப் போய்த் திரும்பி வந்து இன்னொரு தரமும் மிதித்தது. மழைக்கு இடுப்பில் கட்டியிருந்த படங்குத் தார்ப்பாயோடு சேர்த்துத்தான் அள்ள வேண்டியிருந்தது. மழை பெய்துகொண்டே இருந்தது, தண்ணீர் சிவப்பாகத் தேயிலைக்கு நடுவே ஓடியது. அவள் மகன் அந்தத் தண்ணீரில் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டான்.

அந்தக் காட்டுக்கு அவளைப் போகச் சொன்னது நம்ம ஆனைத் தகவல் குரூப்பில் வந்த ஒரு செய்தி. ஆனை ஓடை தாண்டிருச்சு, பதினாலுக்குப் போகலாம் என்று விஜயன் போனிலிருந்து வந்தது, கங்காணி தன் போனில் அதைப் படித்துப் பெண்களை அனுப்பினார். நம்ம வழக்கம் உனக்குத் தெரியும். மழைக் காலத்தில் கங்காணி, காவல்காரன் தவிர எல்லார் போனும் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில் ஒரே டப்பாவில் கிடக்கும், எதற்கும் பூட்டுக் கிடையாது, அவசரத்துக்கு யார் போனையும் யாரும் எடுக்கலாம், எடுத்தவன் செய்தியின் கடைசியில் தன் பேரைப் போட வேண்டும். போன தீபாவளிக்கு வந்தபோது நீ ஒவ்வொரு போனாக எடுத்து நம்பர் பூட்டுப் போட்டுக் கொடுத்தாய். நீ ரயில் ஏறிய மறு நாளே நான்தான் எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன். லயத்தில் கதவையே பூட்டுவதில்லை, போனுக்கு எதற்குப் பூட்டு, படித்த திமிர் என்று உன்னைப் பழித்தும் பேசினேன். அதற்கு முதலில் மன்னித்துக்கொள்.

சின்னம்மையைத் தூக்கிக்கொண்டு வந்து பேர் கூப்பிடும் மஸ்டர் கொட்டகை முன்னால் கிடத்தியதும் எல்லாரும் விஜயனைத் தேடினார்கள். அவன் ஒன்பதாம் நம்பரில் மருந்தடித்துக்கொண்டிருந்தவன், சேதி கேட்டு அவனே ஓடி வந்தான். சட்டையைப் பிடித்தார்கள். நான் போடலண்ணே, எம் போனு காம்பராவுல கெடந்துச்சு, வேற யாரோ எடுத்துப் போட்ருக்காங்க என்று கத்தினான். அப்ப பேரு எங்கடா, ஒம் பேரு மட்டும்தானடா இருக்கு என்று கத்தினார்கள். அவன் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்து என்னிடம் வந்து நின்றான். இருளப்பண்ணே, நீங்கதான இன்னைக்கி காவலு, ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே என்றான்.

நான் சொல்லவில்லை. கையில் இருந்த காவல் தடியால் அவன் வாயில் அடித்தேன். முதல் அடி என்னுடையது ரேகா. தாடை உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. காவல்காரனே அடித்துவிட்டான் என்றதும் மற்றவர்களுக்கு வேறு என்ன வேண்டும், கல், செருப்பு, கவாத்துக் கத்தியின் பிடி, கையில் கிடைத்த எல்லாம் அவன் மேல் இறங்கின. விழுந்த பிறகும் மிதித்தார்கள், ஆனை மிதித்தது போலத்தான் மிதித்தார்கள். அவன் பெண்டாட்டி குறுக்கே விழுந்தாள், அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்து எறிந்தார்கள். நான் இரண்டாவது தரம் அடிக்கவில்லை, அது பெரிய யோக்கியதை இல்லை, அவன் வாய் மூடிவிட்டது, எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

ஏனென்றால் அந்தச் செய்தியைப் போட்டவன் நான். என் போன் மழையில் அணைந்துவிட்டது. ஆனைத் தடம் ஓடைக்கு இறங்கியதைப் பார்த்தேன், அக்கரையில் ஏறியதா என்று பார்க்கவில்லை. மழையில் ஓடையைத் தாண்டச் சோம்பல், அவ்வளவுதான், வேறு காரணம் சொல்ல மாட்டேன். பிள்ளைக் காம்பராவுக்கு வந்தேன், ஆயா உள்ளே குழந்தைகளைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள், டப்பாவில் மேலாகக் கிடந்த போனை எடுத்துச் செய்தியைத் தட்டினேன். விரல் ஈரம், ஊற்றி வைத்த டீ ஆறுகிறது, பேர் போடாமல் அனுப்பிவிட்டேன். அது விஜயன் போன் என்று எடுக்கும்போதே தெரியும்.

மறு நாள் நீ போனில் பேசியது இன்னும் காதில் இருக்கிறது. உங்கள் வகுப்பில் முதல் மாதமே இதைத்தான் நடத்தினார்கள் என்றாய், ஒரு செய்தி எந்தக் கருவியிலிருந்து வந்தது என்பது வேறு, எந்த ஆள் அனுப்பினான் என்பது வேறு, பூட்டே இல்லாத போனை வைத்து ஒருத்தனைக் குற்றவாளி என்று சொல்லவே முடியாது, இன்ஸ்பெக்டருக்கு நான் எழுதுகிறேன், விஜயன் மாமா போட்டிருக்க மாட்டார் என்றாய். நமக்கு எதற்கு இந்த வம்பு, புத்தகத்தைப் பார் என்று வள்ளென்று விழுந்தேன். பெற்ற மகள் எம்.டெக். படித்துக் கண்டுபிடிக்கப் போவது அப்பனைத்தானா என்று அன்று முழுக்க உன் மேல் கோபமாகவே இருந்தேன். இப்போது அந்தக் கோபம் என் மேல்தான்.

அம்மாவிடம் மூன்றாம் நாள் சொன்னேன். அழுதாள், பிறகு புள்ள படிப்பு முடியட்டும், ஆறு மாசந்தான, அப்பறமா சொல்லிக்கலாம், இப்ப சொன்னா எந்தக் கம்பெனிக்காரன் அவளுக்கு வேல குடுப்பான் என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனால் விஜயன் மேல் கேஸ் போட்டுவிட்டார்கள், கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் அவன் கட்டில் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருக்கிறார். அவன் பெண்டாட்டிக்கு இங்கே குழாயடியில் தண்ணீர் பிடிக்க விடுவதில்லை. அவளுக்காக அம்மாதான் போய்ச் சண்டை போட்டுப் பிடித்துக் கொடுக்கிறாள், கொடுத்துவிட்டு வந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நேற்று பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள், ஒரு கண் திறக்கவில்லை. போலீஸ்காரர் டீ குடிக்க வெளியே போன நேரத்தில் அவன் காதில் எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் பேச முடியாமல் கையைக் காட்டிப் பேப்பர் கேட்டான், மருந்துச் சீட்டின் பின்பக்கம் கொடுத்தேன். ரேகாவுக்குப் பரீட்சை என்றைக்கு, அது முடியட்டும் அண்ணே என்று எழுதினான். உன் பெட்டியைத் தலையில் சுமந்து பஸ் ஏற்றி ரயிலடி வரைக்கும் கூட வந்தவன் அல்லவா. அந்தச் சீட்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து, ஐம்பத்தாறு வயதில், வருகிறவர் போகிறவர் பார்க்க அழுதேன்.

பரீட்சை முடியும் வரை நான் காத்திருக்கப் போவதில்லை. நாளைக் காலையில் இதைத் தபாலில் போட்டுவிட்டு நேரே ஸ்டேஷனுக்குப் போகிறேன். இது உன் கைக்கு வரும்போது நான் உள்ளே இருப்பேன். சட்டத்தில் இந்த ஓட்டை இருக்கிறது, போன் விஷயத்தில் அந்தச் சந்தேகம் இருக்கிறது என்று உன் படிப்பை வைத்து எனக்கு வழி தேடாதே, அதை விஜயனுக்காகச் செய். வேலைக்கு எடுக்கும்போது அப்பா எங்கே என்று கேட்டால் மறைக்காமல் சொல், மறைத்து வாங்கும் வேலை நமக்கு வேண்டாம்.

அம்மா சுண்டை வற்றல் அனுப்புகிறாள், வெயில் கிடைத்தால் ஒரு தரம் காய வை. காதைக் கட்டிக்கொள். பரீட்சையை நன்றாக எழுது, அதை விட்டுவிட்டு ஓடி வராதே. சாமி உனக்குத் துணையாக இருக்கட்டும், நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இரு, இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதோ இல்லையோ, அப்பன் சொல்லாமல் இருக்க முடியாது. லீவுக்கு வரும்போது ஒன்றை மட்டும் மறக்காதே. என்னைப் பார்க்க முதலில் வராதே. விஜயன் வீட்டுக்குப் போ, அவன் முகத்தை நன்றாகப் பார், பார்த்த பிறகும் வரத் தோன்றினால் வா.

உன் அப்பா,
இருளப்பன்