தம்பி பாதியில் விட்ட பாட்டுகள்

புரட்டாதி 6, திங்கள்

கச்சான் காற்று. வாயெல்லாம் புழுதி. காலை பஸ்ஸில் வவுனியாவிலிருந்து முள்ளியவளை. அலுவலகத்தில் ஒரு கிழமை லீவு.

வந்த வேலை: தம்பியின் கம்பியூட்டரில் கிடக்கும் பாட்டுகளை ஒழுங்குபடுத்துவது. கஜன் போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. பொழுது சாய்ந்த மைம்மல் நேரம், ரோட்டில் படுத்திருந்த மாடு, அவனுடைய மோட்டார்சைக்கிள். அதற்குமேல் எழுத வராது.

சிநேகிதி பர்சானா போன வாரம் போனில் கேட்டிருக்காவிட்டால் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன். முல்லைத்தீவில் தங்கள் வீட்டார் திரும்பி வந்து குடியேறியதைக் குறும்படமாக எடுத்திருக்கிறாள். இசை வேண்டுமாம். "புதுசா ஒண்டும் செய்ய வேணாம். நீங்களும் தம்பியும் பாதியில விட்டது எவ்வளவு கிடக்கும். அதுல ஏதாச்சும் தாங்க. சனிக்குள்ள."

அவனுடைய அறை. மேசை, அலுமாரி, திரை எல்லாம் புழுதி. அவன் உட்காரும் கதிரையில் மட்டும் இல்லை.

7, செவ்வாய்

வெயில். மின்விசிறி சுற்றியும் வியர்வை.

அவன் நெல் மில், தண்ணிப் பம்ப், லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் இவற்றின் சத்தங்களை வெட்டித் தாளம் கட்டுவான். போனில் அனுப்புவான். நான் வவுனியாவிலிருந்து மெட்டுப் போட்டுத் திருப்பி அனுப்புவேன். பிறகு சண்டை. ஒன்றும் முடிந்ததில்லை. அவன் வைத்த பெயர்கள்:

முடியேல்ல
முடியேல்ல புதுசு
மில்லுக்காரர் தும்மினது
கரண்ட் போக முன்னம்
அக்கா பழுதாக்கினது

கடைசியைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். இந்த அறையில் தனியே சிரிப்பது ஒரு மாதிரி இருந்தது.

தாளம், மெட்டு, வெளிச்சத்தம் என்று பிரித்துப் போட்டேன். திரையில் இறைந்து கிடந்த சின்னச் சின்ன அடையாளப் படங்களையெல்லாம் ஒரு பெட்டிக்குள் தள்ளியாயிற்று. பெயரே இல்லாமல், மெஷின் கொடுத்த இலக்கங்களோடு கொஞ்சப் பதிவுகள். இரண்டொன்றைத் திறந்தால் நேர்கோடு. சத்தம் இல்லை. இடமோ போதாது. கண்ணில் பட்டதையெல்லாம் அழித்தேன். குப்பையையும் காலியாக்கினேன். வீடு கூட்டி முடித்த மாதிரி நிம்மதி.

அம்மா கதவடியில் வந்து நின்றார். "இன்னும் முடியேல்லையோ?"

"இல்லையம்மா."

"பின்னேரத்துக்கிடையில எழும்பிடுவியோ?"

சாப்பிடக் கூப்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

8, புதன்

இலக்கம் போட்ட பதிவு ஒன்று தப்பியிருந்தது. அழிக்கப் போகும்போது திகதி கண்ணில் பட்டது. போன மாதம்.

போன மாதம் அவன் ஏது?

மெஷினின் மணிக்கூடு பிழையோ என்று பார்த்தேன். சரியாகத்தான் ஓடுகிறது. வீட்டில் அம்மா மட்டும். அம்மாவுக்குப் போனில் ஒரு மெசேஜ் அனுப்பத் தெரியாது.

சத்தத்தைக் கூட்டினேன். மின்விசிறி. பிறகு மைக்குக்குக் கிட்ட அம்மாவின் குரல்.

"ஓம்."

இடைவெளி.

"இல்லையடா, இஞ்ச மழையில்லை."

இடைவெளி.

"நான் சாப்பிட்டனான். நீ?"

நீண்ட இடைவெளி. அதன் முடிவில் அம்மா சிரிக்கிறார். எதிரில் இருப்பவர் நினையாத ஒன்றைச் சொன்னால் வருமே, அந்தச் சிரிப்பு.

அம்மா 'அடா' போட்டுப் பேச இப்போது யாரும் இல்லை.

இடைவெளிகளை மட்டும் தனியே வெட்டி, காது வலிக்கும்வரை கூட்டிக் கேட்டேன். மின்விசிறி. வேறொன்றும் இல்லை. நிறுத்திவிட்டு வெளியே போய்க் கோழிகளுக்குத் தவிடு குழைத்தேன்.

நேற்று அழித்தவை?

9, வியாழன்

குசினியில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கேட்டுவிட்டேன்.

"அம்மா, தம்பியின்ர கம்பியூட்டரைத் திறக்கிறனீங்களோ?"

"ஓம்." தலை நிமிரவில்லை.

"என்னண்டு?"

"அவன்தானே காட்டித் தந்தவன். தான் வேலைக்குப் போனாப் பிறகு உரல் சத்தம், சுளகுச் சத்தம் எல்லாம் பிடிச்சு வையுங்கோ எண்டு. திரையில ஒரு சிவப்புப் பொட்டு. அதை அமத்தினாச் சரி, அது கேட்டுக்கொண்டிருக்கும் எண்டவன்."

"இப்ப ஏனம்மா அமத்துறீங்கள்?"

"கேட்டுக்கொண்டிருக்கும் எண்டவன்."

அழித்ததைச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அம்மா கீரைத் தண்டை ஒடித்தபடி, "போனாப் போகட்டும். கதைச்சது கதைச்சதுதானே" என்றார். பிறகு, "அந்தப் பொட்டை எங்கை வைச்சனீ? செவ்வாயில இருந்து காணேல்ல. அவன் பாத்துக்கொண்டிருப்பான்."

எழும்பித் தேத்தண்ணி ஊற்றினேன்.

10, வெள்ளி

'முடியேல்ல'வின் மில் தாளம். 'அக்கா பழுதாக்கினது' மெட்டு. இரண்டும் ஒட்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஒட்டுகிறது. அடியில் ஓட மெல்லிய சத்தம் ஒன்று தேவைப்பட்டது. அம்மாவின் பதிவிலிருந்து, பேச்சில்லாத இடைவெளி ஒன்றை எடுக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"என்னட்டை ஏன் கேக்கிறாய்? அவனிட்டக் கேள்."

கேட்கவில்லை. எடுத்தேன். பாட்டை அனுப்பினேன்.

பின்னேரம் பர்சானாவின் போன். "நல்லா வந்திருக்கு. நடுவுல ஆரோ கதிரைய இழுத்துப் போட்டு இருக்கிறாங்களே, அத எடுத்துராதீங்க. அந்த இடம் உடம்பு சிலிர்க்குது."

கதிரைச் சத்தம் எதுவும் நான் வைக்கவில்லை. ஹெட்போன் போட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எனக்குக் கேட்கவில்லை. அந்த அறையில் ஒரே ஒரு கதிரை. அதில் அம்மா இருந்தபடிதானே பேசியிருக்கிறார்.

அவளுக்கு இதைச் சொல்லவில்லை.

11, சனி

காற்றில்லை. புழுக்கம்.

சிவப்புப் பொட்டைத் திரும்பத் திரையில் வைத்தேன். நடுவில், வேறு எதுவும் பக்கத்தில் இல்லாமல்.

அம்மாவை வவுனியாவில் ஒரு டொக்டரிடம் காட்டலாமா என்றும் யோசனை. என்னவென்று சொல்வது? சமைக்கிறார், கோயிலுக்குப் போகிறார், கறிக்கு உப்புக் கூடினால் என்னை ஏசுகிறார். ஒன்றும் குறையில்லை.

பின்னேரம் அம்மா குளித்து, சேலை மாற்றிக்கொண்டு வந்தார்.

"எழும்பு."

எழும்பினேன். "நானும் இருக்கட்டோ அம்மா?"

"வேண்டாம் பிள்ளை. நீ இருந்தா அவன் கதைக்கமாட்டான். கதவைச் சாத்திப்போட்டுப் போ."

சாத்தினேன். முற்றத்தைச் சுற்றிப் போய் அறை ஜன்னலடியில் நின்றேன். வெட்கமாக இருந்தது. நின்றேன்.

"ஓம், வந்து நிக்கிறாள். நாளைக்குப் போறாள்."

மின்விசிறிச் சத்தம்.

"மெலிஞ்சுதான் போனாள்."

மின்விசிறி. கனநேரம். எனக்கு மூச்சு விடவும் பயம்.

பிறகு அம்மா குரலைத் தணித்துக்கொண்டு:

"இல்லையடா. அக்காவுக்கு நான் சொல்லமாட்டன்."