தூங்காத எலிகள்

செவ்வாய், இரவு.

நரம்பு வலிக்கும் கொடுக்கப்படும் ஒரு பழைய மனச்சோர்வு மாத்திரையின் மூலக்கூறை மாற்றி, நரம்பில் வலி ஏறும் சோடியம் வழியை மட்டும் அடைக்கும் மருந்தாக்குவது எங்கள் ஆய்வக வேலை. இன்று முடிவு வந்தது. எலிகளுக்கு வலி தெரியவில்லை, பழைய மருந்து கொடுத்தபோது விழுந்ததுபோல அவை தூங்கி விழவும் இல்லை. கேக் வெட்டினோம்.

மாலையில் மீன் வாங்கப் போனேன். மீன் விற்கும் வீராம்பட்டினத்து அஞ்சலையக்காவின் கால் எரிச்சலுக்கு டாக்டர் கொடுத்திருப்பது அந்தப் பழைய மாத்திரைதான். எரிச்சலுக்குக் கேட்குதா என்றேன்.

"எரிச்சல் அப்படியேதாம்மா இருக்கு. ஆனா மாத்திரைய நிறுத்த மாட்டேன். புள்ள கடலோட போனதுலேர்ந்து இப்பதான் தூங்குறேன்."

"தூக்கம் வராத மாதிரி புதுசா ஒண்ணு செஞ்சிருக்கோம்க்கா."

சங்கரா மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்: "அது யாருக்கும்மா?"